காப்பகத்து நாய், பூனைக்குக் கருத்தடை நிபந்தனை: கையெழுத்திடும் முன் படிக்க வேண்டியது

விலங்குக் காப்பகத்திலிருந்து நாயையோ பூனையையோ தத்தெடுக்கிறவர் அதற்குக் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்திருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்பது மலேசியாவில் பெரும்பாலான காப்பகங்கள் விதிக்கும் நிபந்தனை. சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் இருப்பவர்கள் ஒரு குட்டிக்காக ஈப்போ வரை போய், அங்கே பாரத்தை நிரப்பும்போதுதான் பல வேளைகளில் இதை முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள். இது அரசாங்கச் சட்டமா, காப்பகம் தானாகப் போட்ட விதியா, செய்யாமல் விட்டால் அபராதம் வருமா என்ற கேள்விகள் அங்கேயே எழுகின்றன. மலாயிலோ ஆங்கிலத்திலோ பொடி எழுத்தில் அச்சிட்ட பாரத்தில் அதற்கான விடை சட்டென்று கண்ணில் படுவதில்லை.

விடை இதுதான்: இது நாட்டின் சட்டம் அல்ல, தத்தெடுப்பவரும் காப்பகமும் செய்துகொள்ளும் ஒப்பந்தம். 2017இல் நடப்புக்கு வந்த 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், அதாவது சட்டம் 772, வளர்ப்புப் பிராணிகளுக்குக் கருத்தடை செய்தே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அதன் 24ஆம் பிரிவு, பிராணியை வைத்திருப்பவர் அதற்கு ஏற்ற இடமும் உணவும் தர வேண்டும், வலியிலிருந்தும் காயத்திலிருந்தும் நோயிலிருந்தும் அதைக் காக்க வேண்டும் என்ற கடமையைச் சுமத்துகிறது. கொடுமைப்படுத்துவோருக்கு 29ஆம் பிரிவின் கீழ் 20,000 வெள்ளிக்குக் குறையாமலும் 100,000 வெள்ளிக்கு மேற்படாமலும் அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கப்படலாம். வீட்டு நாய் போட்ட குட்டிகளை அட்டைப் பெட்டியில் போட்டுச் சந்தைக்குப் பின்னாலோ செம்பனைக் காட்டு ஓரத்திலோ இறக்கிவிட்டு வருவதை நம் பக்கத்தில் பலர் இன்னும் குற்றமாக நினைப்பதில்லை. கருத்தடை செய்யாததற்குச் சட்டத்தில் தண்டனை இல்லை. அதன் விளைவாக வந்த குட்டிகளைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதற்கு உண்டு.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, இங்கும் இது சட்டம்தான் என்று அடித்துப் பேசுவோர் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அது உண்மை. அங்கே மக்கள்தொகை மிகுந்த மாவட்டங்களில் கருத்தடை செய்யாத நாய், பூனையைக் காப்பகம் ஒருவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பிராணியின் உடல்நிலை இடம் தராது என்று கால்நடை மருத்துவர் சான்று கொடுத்தால் மட்டும், 40 முதல் 75 டாலர் வரை வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு அனுப்பலாம். நம் நாட்டுக் காப்பகங்களில் சில வைப்புத்தொகை வாங்குவதும் இதே நோக்கத்தோடுதான். அந்தத் தொகையை நிர்ணயிப்பது காப்பகமே தவிர அரசாங்கம் அல்ல.

நாய் உரிமத்தை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தந்த அதிகாரத்தில் ஒவ்வோர் ஊராட்சி மன்றமும் தனக்கெனத் துணைச் சட்டங்கள் வைத்திருக்கிறது. சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருவதால், ஈப்போ காப்பகத்திலிருந்து கொண்டுவந்த நாய்க்கும் உரிமம் கோலகங்சாரில்தான் எடுக்க வேண்டும். கட்டணமும் ஒரு வீட்டில் எத்தனை நாய்கள் வைக்கலாம் என்ற வரம்பும் மன்றத்துக்கு மன்றம் மாறும் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கருத்தடைச் சான்றிதழ் கையில் இருக்கிறது என்பதற்காக, உரிம வில்லை இல்லாமல் தெருவில் திரியும் நாயை நாய் பிடிப்பவர்கள் விட்டுவிடமாட்டார்கள்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். கையெழுத்திடுபவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் மட்டும் போய்ப் பூனைக்குட்டியைத் தூக்கி வர முடியாது. அடையாளக் கார்டும் முகவரிக்கான ஆதாரமும் கேட்பார்கள். வளர்ந்த பிராணியாக இருந்தால் பெரும்பாலும் காப்பகமே அறுவையை முடித்துவிட்டுத்தான் வெளியே அனுப்பும், அதன் செலவு தத்தெடுப்புக் கட்டணத்திலேயே அடங்கிவிடும். 'இலவசமாகக் கிடைக்க வேண்டியதற்கு ஏன் காசு' என்று முணுமுணுப்பவர்கள், தனியார் மருந்தகத்தில் ஒரு பெண் நாய்க்குக் கருத்தடை செய்ய என்ன ஆகும் என்று ஒரு முறை விசாரித்துப் பார்த்தால் போதும். தடுப்பூசியும் பூச்சி மருந்தும் இதில் சேருமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

சிக்கல் வருவது குட்டிகளில்தான். அறுவைக்கு வயதோ எடையோ போதாத குட்டியைக் காப்பகம் ஓர் உறுதிமொழியின் பேரில் அனுப்புகிறது: குறிப்பிட்ட தேதிக்குள் கருத்தடை செய்துவிடுகிறேன் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்குள் நான்கைந்து விஷயங்கள் ஒளிந்திருக்கும். தேதி எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 'ஆறு மாத வயதுக்குள்' என்று மட்டும் இருந்தால், பிறந்த நாளே தெரியாத தெருக்குட்டிக்கு அது எந்த நாள் என்று பின்னால் தகராறு வரும், ஆகவே நாள், மாதம், ஆண்டைப் பாரத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். காப்பகம் சொல்லும் மருந்தகத்தில்தான் செய்ய வேண்டுமா, நமக்குப் பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவரிடம் செய்தாலும் ஏற்பார்களா என்பது அடுத்தது. தோட்டத்திலிருந்து ஈப்போவுக்குக் குட்டியோடு பஸ்ஸில் ஏற முடியாது; காருக்கு இன்னொருவரைத்தான் கெஞ்ச வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. செலவு யாருடையது, வைப்புத்தொகை உண்டா, அதைத் திரும்பப் பெற மருந்தக ரசீது மட்டும் போதுமா, மருத்துவரின் கையொப்பமிட்ட சான்றும் வேண்டுமா என்பதையும் கேட்டு, சொன்ன பதிலைப் பாரத்தின் ஓரத்திலாவது எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்ன ஊழியர் ஆறு மாதம் கழித்து அதே மேசையில் இருப்பார் என்று எண்ணக் கூடாது.

தேதியில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், பூனையின் உடல் நாம் நினைப்பதைவிட முந்திக்கொள்கிறது. நான்கு மாதத்திலேயே சினைப்படக்கூடிய பூனைகள் உண்டு; ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும்; குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் பருவத்துக்கு வந்துவிடும். நாய்க்குப் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல்தான் முதல் பருவம் வரும், சினைக்காலம் அதற்கும் ஏறக்குறைய 63 நாள்தான். 'குட்டிதானே, அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டவர் வீட்டில் அடுத்த மாதம் வயிறு பெரிதாகியிருக்கும். ஆண் பிராணிக்கு அறுவை முடிந்த அன்றே ஆபத்து நீங்கிவிட்டது என்பதும் சரியல்ல. உடலில் தங்கியிருக்கும் விந்தணுக்களால் சில வாரங்கள் வரை அது பெண் பிராணியைச் சினைப்படுத்தக்கூடும். அதுவரை பிரித்து வைக்க வேண்டும்.

இந்த நிபந்தனையைக் கண்டு பின்வாங்குபவர்கள் சொல்லும் காரணங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காவலுக்கு வைத்த நாய் சோம்பிவிடும் என்பது ஒன்று. அறுவைக்குப் பிறகு நாயின் உணவுத் தேவை குறைகிறது, பழைய அளவிலேயே சோறு போட்டால் கொழுக்கும் என்பது உண்மை. அந்நியரைக் கண்டு குரைக்கும் குணம் அதனால் போய்விடுவதில்லை. குறைவது பெண் நாயைத் தேடி இரண்டு தோட்டம் தாண்டி ஓடுவதும், ஓடிய இடத்தில் கடி வாங்கி வருவதும்தான். ஒரு முறையாவது ஈன்றால்தான் பெண் பிராணிக்கு நல்லது, அதற்கு முன் அறுப்பது பாவம் என்பது மற்றொன்று. வீட்டுப் பெரியவர்கள் மனமுருகிச் சொல்வதால் இதை எதிர்த்துப் பேசத் தயக்கமாக இருக்கும். ஆனால் ஒரு ஈற்றினால் பிராணியின் உடல்நலத்துக்கு நன்மை எதுவும் இல்லை. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு நடுத்தர வயதுக்கு மேல் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வருவது உண்டு. கவனிக்காமல் விட்டால் அது உயிரை வாங்கிவிடும். கருப்பையை எடுத்துவிட்டால் அந்த நோய்க்கே இடமில்லை, இளவயதிலேயே செய்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பும் குறைகிறது.

அறுவையை யார் செய்வது என்பதில் எந்த விட்டுக்கொடுப்பும் கிடையாது. முன்பு தோட்டங்களில் ஆட்டுக்கும் பன்றிக்கும் பிளேடால் காயடிக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். அந்தக் கைப்பழக்கத்தை நாய், பூனையிடம் காட்டினால் அது கொடுமைக் குற்றமாகும். 1974ஆம் ஆண்டு கால்நடை மருத்துவர் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரே, மயக்க மருந்து கொடுத்து இதைச் செய்யலாம். கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரித்தால் அரசு மருந்தகங்களில் செய்கிறார்களா, எப்போது இடம் கிடைக்கும் என்று சொல்வார்கள். குறிப்பிட்ட நாளுக்கு முந்திய இரவு வளர்ந்த பிராணிக்கு உணவு கொடுக்கக் கூடாது; மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் போய்விடும். குட்டியை அத்தனை நேரம் பட்டினி போடவும் கூடாது, எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவரிடமே கேட்க வேண்டும். திரும்பி வந்த பிறகு பத்துப் பன்னிரண்டு நாள்கள் தையலை நக்கவிடாமல் கழுத்தில் கூம்பு மாட்டி, ஈரமில்லாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் தண்ணீர் தேங்கும் லயத்து வீடுகளில் இதற்குத் தனி ஏற்பாடு தேவைப்படும்.

வீட்டு நிலவரத்தையும் காப்பகம் கேட்கும். தோட்டக் குடியிருப்பில் இருப்பவர் நாய் வைக்க நிர்வாகத்தின் அனுமதி இருக்கிறதா என்று முதலில் ஆபிசில் கேட்டுவிட்டுப் போக வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு, பிற குடியிருப்பாளர்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் பிராணியை வைக்கக் கூடாது என்ற 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதி பொருந்தும். தோட்டம் கைமாறி, லயங்கள் காலியாகி, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கு மாறியபோது பின்னால் விடப்பட்ட நாய்களைப் பார்த்தவர்களுக்கு, காப்பகம் இதை ஏன் துருவித் துருவிக் கேட்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

தேதிக்குள் முடியாமல் போனால் என்ன என்பதுதான் மிச்சம். குட்டிக்குக் காய்ச்சல், எடை குறைவு, இரத்தச் சோகை என்று மருத்துவரே தள்ளிப்போடச் சொன்னால், அதை எழுத்தில் வாங்கிக் காப்பகத்துக்கு அனுப்பிப் புதிய தேதி கேட்கலாம். நியாயமான காரணத்துக்குக் காப்பகங்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. பிராணி இறந்துவிட்டாலோ காணாமல் போனாலோ அதையும் உடனே தெரிவிக்க வேண்டும். எதுவும் சொல்லாமல் தேதியைத் தாண்டவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். பிராணியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை பாரத்தில் எழுதப்பட்டிருந்தால் காப்பகம் அதைப் பயன்படுத்தவும் செய்யலாம். வளர்க்கவே முடியாத நிலை வந்தால் பக்கத்து வீட்டுக்கோ சொந்தக்காரர்களுக்கோ கைமாற்றிவிடுவது பொதுவாக ஒப்பந்தத்தை மீறுவதாகும், ஏனெனில் கையெழுத்துப் போட்டவர் நீங்கள்; பிராணியைக் காப்பகத்திடமே திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு சீட்டு வாங்கி வர வேண்டும்.