பழைய கடிகாரச் சங்கிலியை உருக்கக் கொடுக்கும் முன்

அல்சூர், சிவாஜிநகர், கோலார் தங்கவயல் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் தாத்தா காலத்துப் பாக்கெட் கடிகாரச் சங்கிலி இன்னும் பீரோவில் இருக்கிறது. கடிகாரம் எப்போதோ போயிருக்கும். பணமுடை வரும்போது சங்கிலி பெங்களூரின் நகைக்கடைப் பகுதியான நகரத்பேட்டைக்குப் போகிறது. அங்கே உரைகல்லில் ஒரு கீறல், அதன்மேல் 22 காரட்டுக்கான அமிலம் ஒரு சொட்டு. கீறல் மறைந்ததும், "பித்தளைங்க, எடைக்கு ஏதோ தரேன்" என்று பதில் வரும். அந்த அமிலத்தில் 9 காரட் தங்கத்தின் கீறலும் மறையத்தான் செய்யும். இந்த ஒரு சோதனையை நம்பிச் சங்கிலியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பிரிட்டனில் செய்த ஆல்பர்ட் என்ற பாக்கெட் கடிகாரச் சங்கிலிகளில் பெரும்பாலானவை 22 காரட் அல்ல. 9, 15, 18 காரட். அங்கே 9, 12, 15 காரட் தரங்கள் 1854-ல் சட்டப்படி வந்தன. 1932-ல் 12, 15 இரண்டையும் எடுத்துவிட்டு 14-ஐக் கொண்டுவந்தார்கள். ஆகவே 15, .625 (தங்கத்தின் பங்கு) என்ற பிரிட்டிஷ் முத்திரை இருந்தால் சங்கிலி அந்த இடைக்காலத்தைச் சேர்ந்தது. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் கண்ணி கண்ணியாகப் பாருங்கள். நல்ல சங்கிலிகளில் ஒவ்வொரு கண்ணியிலும் 9, .375 என்று தனித்தனியே குத்தியிருப்பார்கள். கொக்கியில் மட்டும் முத்திரை இருந்து கண்ணிகள் வெறுமையாக இருந்தால், கொக்கி ஒரு தரம், சங்கிலி வேறு தரம் என்று சந்தேகப்படுங்கள். ஆர்.ஜி. (ரோல்டு கோல்டு), ஜி.எஃப். (கோல்டு ஃபில்டு) என்ற எழுத்துகள் இருந்தால் அது செம்பு, பித்தளை போன்ற உலோகத்தின்மேல் தங்கத் தகடு போர்த்தியது.

கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் காரட் மீட்டர் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். போர்த்திய தகடு கொஞ்சம் கனமாக இருந்தால் அதுவும் ஏமாறும். கண்ணியும் கண்ணியும் உரசித் தேய்ந்த உள்பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே செய்யக்கூடிய நீர்ச் சோதனையும் உண்டு. தொங்கல்களைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை 0.01 கிராம் காட்டும் தராசில் நிறுக்கவும். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்கி, சங்கிலியை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியையும் சுவரையும் தொடாமல் முழுக்க அமிழ்த்தவும். காற்றுக் குமிழிகள் ஒட்டியிருந்தால் ஆட்டி விடவும். 40 கிராம் சங்கிலிக்குத் தராசு 3.5 காட்டினால் அடர்த்தி (40-ஐ 3.5-ஆல் வகுத்தால்) சுமார் 11.4, அது 9 காரட்டுக்கு ஒத்துவரும். 4.7 காட்டினால் பித்தளை. 2.6 அளவில் நின்றால் 18 காரட். உள்ளே பொள்ளலான கண்ணிகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

40 கிராம் 9 காரட் சங்கிலியில் சுத்தத் தங்கம் 15 கிராம் இருக்கிறது. "9 காரட் எல்லாம் தங்கமே இல்லை" என்ற பேச்சுக்கும் இனி இடமில்லை. 2025 ஜூலையிலிருந்து இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் ஹால்மார்க் தரங்களில் அதுவும் ஒன்று.

சங்கிலியோடு வரும் உறுப்புகளைத் தனியாகப் பாருங்கள். டி-பார் வெயிஸ்ட்கோட்டின் பொத்தான் துளையில் குறுக்கே நிற்கும் குச்சி. கடிகாரத்தின் தலை வளையத்தைப் பிடிப்பது சுழல் கொக்கி. சிங்கிள் ஆல்பர்ட்டில் இவை ஆளுக்கொரு முனையில் இருக்கும். டபுளில் டி-பார் நடுவே நிற்க, ஒரு முனை கடிகாரத்துக்கும் மறுமுனை எதிர்ப் பையில் உள்ள கடிகாரத்தை முறுக்கும் சாவிக்கோ தீப்பெட்டிக் கூட்டுக்கோ சவரன் காசு வைக்கும் கூட்டுக்கோ போகும். சவரன் கூட்டின் உள்ளே உள்ள ஸ்பிரிங், 22 மி.மீ. அகல காசை விளிம்போடு அழுத்திப் பிடிக்கும். முத்திரைத் தொங்கலில் கார்னீலியன், இரத்தக்கல் போன்ற கற்களில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி அரக்கில் பதிப்பார்கள். சில தொங்கல்களில் தங்க ஓட்டுக்குள் அரக்கை நிரப்பியிருப்பார்கள். அதையும் சேர்த்து நிறுத்து விலை பேசினால் கணக்கு தவறும்.

சாவி விஷயத்தில் கவனம் தேவை. அளவு சரியில்லாத சாவியைப் போட்டுத் திருப்பினால் கடிகாரத்தின் சதுர முனை மழுங்கிவிடும். பிறகு சரியான சாவியும் பிடிக்காது.

பழுதுபார்க்கும்போது நடப்பதுதான் பெரிய சேதம். சுழல் கொக்கிக்குள்ளும், போல்ட் ரிங் என்ற வட்டக் கொக்கிக்குள்ளும் எஃகு ஸ்பிரிங் உண்டு. அதைக் கழற்றாமல் ஊதுகுழல் நெருப்பைக் காட்டினால் ஸ்பிரிங் இளகி, கொக்கி தானாகத் திறக்கும். கடிகாரம் தரையில் விழுவது இப்படியும் நடக்கும். பொள்ளல் கண்ணியில் காற்று வெளியேற வழியில்லாவிட்டால் சூட்டில் வெடிக்கும். அரக்குத் தொங்கல் உருகி வழியும். இதைவிட மோசம் ஈயப் பற்று. எவராவது முன்பு ஈயம் வைத்து ஒட்டியிருந்தால், அதைச் சுரண்டி முழுக்க எடுக்காமல் தங்கப் பற்றுப் பொடி வைத்து ஊதக் கூடாது. சூட்டில் ஈயம் தங்கத்தை அரித்துக் குழி விழ வைக்கும், அந்த இடம் நொறுங்கும். வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒட்டு தெரிந்தால் பத்தரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள். "பாலிஷ் போட்டுத் தரேன்" என்பதற்கும் தலையாட்டாதீர்கள். ஓரிரண்டு பாலிஷில் முத்திரை மங்கும். முத்திரை போனால் சேகரிப்பாளர் தரும் விலையும் போய், உருக்கு விலைதான் மிஞ்சும்.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் மெல்லிய பிரஷும் போதும். பூந்திக்கொட்டைத் தண்ணீரும் ஆகும். புளி வேண்டாம், எஃகு துருப்பிடிக்கும். பிளீச்சிங் அறவே கூடாது. குளோரின் பட்டால் 9 காரட் உலோகம் விரிசல் விடும். கொக்கிகளைத் தண்ணீரில் மூழ்கவிடாமல் துடைத்தாலே போதும்.

கல்யாணத்துக்குக் கழுத்து மூடிய பந்த்கலா கோட்டில் அணிபவர்கள் டி-பாரைப் பொத்தான் துளையில் நுழைத்து, சங்கிலி லேசாகத் தொய்ந்து நிற்கும்படி கடிகாரத்தை மார்புப் பையில் போடலாம். பெண்கள் டி-பாரை முன்னால் தொங்கவிட்டுக் கழுத்தில் அணிவது இப்போது வழக்கம். அதற்கு முன் தேய்ந்த கண்ணிகளைப் பாருங்கள். கம்பி பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அந்தக் கண்ணியை மாற்றாமல் போடக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் 1972-ம் ஆண்டு தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டத்தை மறந்துவிடக் கூடாது. 100 ஆண்டு கடந்த கலை, கைவினைப் பொருட்கள் தொல்பொருளாகக் கருதப்படும். தனியார் அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது. முத்திரையிட்ட ஆண்டைக் குறிக்கும் எழுத்தை வைத்து வயதைக் கணித்து, எல்லையை ஒட்டி வந்தால் பயணத்துக்கு முன்பே இந்தியத் தொல்லியல் துறையின் பெங்களூரு வட்ட அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.