வயிற்றால் போகும் பூனைக்குட்டிக்கு எதைப் போடுவது?

தை அறுவடை முடிந்து வைக்கோல் போர் எழும்பினால், சில வாரங்களில் அதன் பொந்துக்குள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்கும். தாய்ப்பூனை திரும்பி வராவிட்டால், இரக்கப்பட்ட யாராவது குட்டியை அட்டைப்பெட்டியில் எடுத்துவந்து, வேறு வீடு அமையும்வரை வைத்துக்கொள்வார்கள். கிண்ணத்தில் பசும்பால் ஊற்றுவார்கள். மறுநாள் குட்டிக்கு வயிற்றால் போகும். உடனே பாலை நிறுத்திவிட்டுத் தயிர்சாதம் குழையப் பிசைந்து வைப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர்களுக்கு அது சரியான வைத்தியம்தான். பூனைக்குக் கணக்கு வேறு.

பசும்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 5 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி, சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள்போல நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகளின் மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் வயதில் அது தாராளமாகச் சுரக்கும், பால் மறக்க மறக்கக் குறையும். உடையாத லாக்டோஸ் குடலுக்குள் தண்ணீரை இழுத்துக்கொண்டே இறங்கும். பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கும். வயிறு உப்பும், மலம் நுரைத்துக்கொண்டு தண்ணீராகப் போகும். கழிச்சல் கடுமையானால் அந்த உறிஞ்சிகளும் சேதமாகும், லாக்டேஸ் இன்னும் குறையும். அதனால்தான் போன வாரம் பாலைத் தாங்கிய குட்டி இந்த வாரம் தாங்குவதில்லை.

தயிரில் லாக்டோஸ் ஓரளவுதான் குறைவு. சோற்றைப் பற்றி ஒரு நியாயம் சொல்லவேண்டும்: குழைய வெந்த சோறு பூனைக்கு விஷமல்ல, கொஞ்சம் என்றால் செரித்துவிடும். சிக்கல் இடத்தில்தான். ஐந்து வாரக் குட்டி சுமார் அரைக் கிலோ இருக்கும், அதன் இரைப்பை ஒரு வேளைக்கு 20 முதல் 25 மில்லிதான் கொள்ளும். அந்த இடத்தைத் தயிர்சாதத்தால் நிரப்பினால் ஒரு கிராம் புரதம்கூடத் தேறாது. வெந்த கோழி நெஞ்சுக்கறி என்றால் 7 கிராம் கிடைக்கும். மேலும், பூனையின் கல்லீரல் எந்நேரமும் புரதத்தை எரித்துக்கொண்டே இருக்கும், சாப்பாட்டில் வராவிட்டால் சொந்தத் தசையிலிருந்து எடுக்கும். மலம் கெட்டியாகிவிட்டதே என்று நாம் நிம்மதியடைகிற நாளில் குட்டியின் எடை இறங்கிக்கொண்டிருக்கும்.

எதைப் போடுவது என்பதற்கு முதலில் வாயைத் திறந்து பாருங்கள். முன்பற்கள் மூன்று வாரம் வாக்கில் தெரியும், கடைவாய்ப் பக்கத்துப் பற்கள் ஐந்தாறு வாரத்தில். நான்கு வாரத்துக்குக் கீழே என்றால் பூனைக்குட்டிகளுக்கான பால்பவுடர் தவிர வேறு வழியில்லை. டப்பாவில் போட்ட அளவை மாற்றவே கூடாது. கெட்டியாகக் கலக்கினாலும் கழிச்சல் வரும். ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லிக்கு மேல் போகாதீர்கள். புட்டிக் குட்டிகளின் கழிச்சலுக்குப் பெரும்பாலும் அளவுதான் காரணம், பாவம் பார்த்து இன்னொரு வாய் கொடுப்பது. உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் சூடேற்றுங்கள். குளிர்ந்த குடல் அசையாது, பால் உள்ளேயே கெட்டுப்போகும்.

நான்கு வாரம் தாண்டி, சுறுசுறுப்பாக இருக்கும் குட்டிக்குக் கோழி. தோலில்லாத நெஞ்சுக்கறி 100 கிராம், முழுகும் அளவு தண்ணீர், குக்கரில் மூன்று விசில். உப்பு, மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். வெந்ததை மிக்ஸியின் சின்ன ஜாரில், வேகவைத்த தண்ணீரே இரண்டு மூன்று கரண்டி விட்டு, கூழாக அரையுங்கள். ஜாரை முதலில் நன்றாகக் கழுவுங்கள். காலையில் வெங்காயச் சட்னி அரைத்த ஜாராக இருக்கும். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், சமைத்தாலும் அது போகாது. அரைக் கிலோக் குட்டிக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 125 கலோரி வேண்டும், அதாவது 70 கிராம் அளவுக்கு வெந்த கறி. ஐந்தாறு வேளையாகப் பிரித்து, கைச்சூட்டில் கொடுங்கள். பட்டினி போட்டு வயிற்றை ஆறவிடும் பழக்கம் குட்டிக்கு ஆகாது, இரத்தச் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும்.

இதோடு வேகவைத்து மசித்த பரங்கிக்காய் கால் டீஸ்பூன் சேர்க்கலாம், அதன் நார் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஈரல் வேண்டாம், மலம் இன்னும் இளகும். நாகப்பட்டினத்து மத்தி வேண்டுமானால் பிறகு, முள் நீக்கி வேகவைத்து. சில கெண்டை, மத்தி இனங்களின் பச்சை மீனில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு, சூட்டில் அது செத்துவிடும். கருவாடு உப்பு மூட்டை.

கோழிக்கறி மட்டும் மூன்று முதல் ஐந்து நாளுக்குத்தான். கறியில் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் இல்லாததற்குச் சமம். வாரக்கணக்கில் நீடித்தால் உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும், கட்டிலிலிருந்து குதித்தாலே கால் முறியும்.

மணல் தட்டுக்குப் பதில் இந்த நாட்களில் செய்தித்தாள் விரியுங்கள். மணல் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் மலத்தின் நிலை தெரியாது. குறைந்த தடவை, நிறைய என்றால் சிறுகுடல். அடிக்கடி முக்கி, சளியோடு கொஞ்சம் கொஞ்சம் என்றால் பெருங்குடல். தினமும் காலையில் சமையல் தராசில் நிறுத்து எழுதுங்கள். நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் ஏறவேண்டும். இரண்டு நாளாக ஏறவில்லை என்றால் சாப்பாட்டை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், காரணம் வேறு. வைக்கோல் போர்க் குட்டிகளுக்கு அது பெரும்பாலும் புழு. உருண்டைப்புழு தாய்ப்பாலிலேயே வந்துவிடும், அதனால் இரண்டு வார வயதிலிருந்தே புழுமருந்து தொடங்குகிறார்கள். காக்சிடியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி புழுமருந்துக்கு அசையாது. காலையில் போன மலத்தைச் சின்ன டப்பியில் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போங்கள். வாந்தியும் சேர்ந்தால், இரத்தம் வந்தால், இரண்டு வேளை தொடர்ந்து சாப்பிடாவிட்டால், ஈறு பிசுபிசுத்தால் அன்றைக்கே. வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைத் தொடவே கூடாது, பூனைக்கு அது கொல்லும் மருந்து.

மலம் உருவம் பிடித்து இரண்டு நாள் ஆனதும் குட்டிகளுக்கான கடை உணவுக்கு மாறலாம். ஒரு பங்கு உருண்டைக்கு இரண்டு பங்கு வெந்நீர் விட்டு இருபது நிமிடம் ஊறட்டும். முதல் இரண்டு நாள் கால் பங்கு, அடுத்து பாதி, பிறகு முக்கால் என்று ஒரு வாரத்தில் கோழியை விலக்குங்கள். வேறு பிராண்டு, வேறு சுவை என்று நடுவில் தாவாதீர்கள். லூஸாக நிறுத்து விற்பதை வாங்க வேண்டாம், ஐப்பசி அடைமழை ஈரத்தில் திறந்த மூட்டை எளிதில் பூஞ்சை பிடிக்கும். ஊறவைத்து மீந்ததை ஒரு மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.