பகலில் பட்டினி, இரவில் குற்றவுணர்வு

இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஒருவர் என் எதிரே அமர்ந்து, "இதைவிடக் கண்டிப்பான டயட் சார்ட் கொடுங்கள்" என்று கேட்பது அன்றாடக் காட்சியாகிவிட்டது. அண்மையில் வந்த ஒரு பெண்ணின் கலோரி செயலியில் காலைக்குப் பால் சேர்க்காத காபியும், மதியத்துக்கு ஓர் ஆப்பிளும், மாலைக்கு இரண்டு பிஸ்கட்டும் பதிவாகியிருந்தன. பிஸ்கட்டுக்கு நேரே அவரே ஒரு சிவப்புக் குறி இட்டிருந்தார். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு பதிவே இல்லை. அந்த நேரத்தில்தான் அவர் சமையலறையில் நின்றபடியே, ருசிகூடத் தெரியாத வேகத்தில் உண்கிறார் என்பது நெடுநேரம் பேசிய பிறகே வெளிவந்தது. பள்ளி வயதில் டயட்டைத் தொடங்கிய அவருக்கு, இது எத்தனையாவது டயட் என்பதே நினைவில்லை.

இப்படி வருபவர்கள் அனைவரும் தங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்றே சொல்கிறார்கள். எத்தனை முறை மறுத்தாலும் இந்த நம்பிக்கை மறுநாள் வேறொரு முகத்துடன் வந்து உட்கார்ந்துகொள்வதால், சற்று விரிவாகவே சொல்கிறேன். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினிச் சோதனையில், உடல்நலமும் மனநலமும் சோதிக்கப்பட்டுத் தேர்வான 36 இளைஞர்கள் பங்கேற்றனர். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த அவர்கள், பட்டினியால் வாடியவர்களை மீட்கும் வழியை அறிய உதவவேண்டும் என்று தாமாகவே முன்வந்தவர்கள். மன உறுதிக்கு அவர்களைவிடச் சான்று வேண்டுமா? ஏறத்தாழ ஆறு மாத அரைப்பட்டினியில் அவர்கள் உணவைப் பற்றியே பேசினார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். தடை நீங்கிய பின்னர் சிலர் வயிறு முட்ட உண்டும் பசி அடங்காமல் தவித்தார்கள். அவர்களுக்குத் தரப்பட்டது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கலோரி. என்னிடம் காட்டப்படும் செயலிகளில் இலக்கு பெரும்பாலும் 1,200. பகலில் மறுக்கப்பட்டதை உடல் இரவில் வட்டியோடு வசூலிக்கிறது என்றால், அதில் ஒழுக்கக்கேடு எங்கே இருக்கிறது?

பசியையும் நிறைவையும் கவனித்து உண்ணும் முறையை 1995இல் ஈவ்லின் டிரிபோல், எலீஸ் ரெஷ் என்ற இரு அமெரிக்க உணவியலாளர்கள் முறைப்படுத்தி முன்வைத்தனர். அதைக் கண்டதையெல்லாம் தின்னும் உரிமமாகப் புரிந்துகொள்வது தவறு. எடை குறைக்கும் உத்தியாக விற்பது அதைவிடப் பெரிய தவறு. (பசித்தால் மட்டுமே உண்ணவேண்டும் என்பதையே சட்டமாக்கி, அதை மீறினால் தன்னைத் திட்டிக்கொள்பவர்களையும் பார்க்கிறேன், டயட் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.) மினசோட்டாவிலேயே வளரிளம் பருவத்தினரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், டயட் இருந்தவர்களின் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் கணிக்கும் அளவு) டயட் இல்லாதவர்களுடையதைவிட அதிகமாக உயர்ந்தது. தம் உடலின் குறிப்பை நம்பி உண்ணும் இளைஞர்களிடம் கட்டுமீறி உண்ணும் பழக்கம் குறைவாக இருப்பதையும் அதே குழுவினர் கண்டனர். இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகளே, காரணத்தை நிறுவுபவை அல்ல. எனினும் என் அறையில் நான் காண்பதோடு இவை பொருந்துகின்றன.

ஆகவே, காலை உணவைத் தவிர்க்காதீர்கள். நேரத்துக்கு உண்ணுங்கள், ஆண்டுக்கணக்கில் அடக்கிவைக்கப்பட்ட பசி உணர்வு முதல் வாரத்திலேயே திரும்பி வராது, அதுவரை கடிகாரமே துணை. இரவில் அளவு மீறிவிட்டால், மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டாதீர்கள், ஏனெனில் அந்தச் சுழல் அங்கிருந்துதான் மீண்டும் தொடங்குகிறது. எடைபார்க்கும் கருவியை நாளுக்கு மூன்று முறை மிதிப்பவர்கள் தயவுசெய்து அதைப் பரண்மேல் போடுங்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை உண்ணும்போது அதன் உடலைப் பற்றிப் பேசாதீர்கள், கேலியாகக்கூட வேண்டாம்.

இன்சுலின் எடுத்துக்கொள்பவர்களும், பசியை மாற்றும் மருந்துகளை உட்கொள்பவர்களும், எடை கூடிவிடுமோ என்று அஞ்சி உணவைத் தவிர்க்கும் பசியின்மை நோயால் (அனோரெக்ஸியா) உடல் மெலிந்தவர்களும் பசியை மட்டும் நம்பி உண்ணத் தொடங்கக் கூடாது. அவர்களுக்கு மருத்துவரின் மேற்பார்வையில் வகுத்த உணவுத் திட்டமே முதலில் வேண்டும். உண்டபின் வாந்தியை வரவழைப்பவர்கள், மாதவிடாய் நின்றுபோனவர்கள், எழுந்தால் மயக்கம் வருபவர்கள் ஆகியோர் டயட் சார்ட் தேடி என்னிடம் வருவதற்கு முன், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.