திமிங்கில எலும்பு அல்ல, அரிதகடு

போன வாரம் ஓர் ஆவணப்படம் தமிழ்க் குரலில் ஓடிக்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்கள் இடுப்பை இறுக்கக் கட்டிய கார்செட்டைக் காட்டி, "இது திமிங்கில எலும்புகளை வைத்துத் தைக்கப்பட்டது" என்றார்கள். இதே வரியை ஒரு வார இதழ்க் கட்டுரையில் படித்திருக்கிறேன், பொது அறிவுப் புத்தகம் ஒன்றிலும் படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன். இனி விட முடியாது. அது எலும்பே இல்லை.

வடதுருவக் கடலில் வாழும் வில்தலைத் திமிங்கிலத்துக்குப் பல் கிடையாது. மேல்தாடை ஈறிலிருந்து ஒரு பக்கத்துக்குச் சுமார் முந்நூறு கருத்த தகடுகள், பனையோலை மடல்களை நெருக்கி அடுக்கித் தொங்கவிட்டது போல இறங்கும். நீளமானவை 4 மீட்டர் இருக்கும். உட்புற ஓரம் முழுக்க முடி முடியாகச் சிலும்பி நிற்கும். திமிங்கிலம் வாயைத் திறந்தபடியே நீந்தும், முன்னால் புகுந்த நீர் பக்கவாட்டில் தகடுகளின் இடுக்கு வழியே வெளியே போய்விடும், அரிசிமணி அளவேயுள்ள கடலுயிரிகள் அந்தச் சிலும்பலில் சிக்கி உள்ளேயே நின்றுவிடும். தகடு ஆனது கெரட்டினால், அதாவது நம் நகமும் முடியும் எதனால் ஆனதோ அதனால். சூடாக்கினால் வளையும், ஆறினால் வளைத்த வடிவத்திலேயே நிற்கும். பிளாஸ்டிக் வராத காலத்தில் இப்படி ஒரு பொருளுக்கு எவ்வளவு கிராக்கி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கார்செட், குடைக்கம்பி, சாட்டை என்று எல்லாவற்றிலும் இதுதான்.

அப்புறம் எலும்பு எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்திலிருந்து. அந்தக் காலத்து ஆங்கிலேயர் கடல் விலங்கிலிருந்து கிடைத்த கெட்டியான எதையும் எலும்பு என்றே சொன்னார்கள். வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தத்தைக்கூட ஒரு காலத்தில் திமிங்கில எலும்பு என்றுதான் அழைத்தார்கள். வணிகர்கள் கணக்கேட்டில் வெறுமனே எலும்பு என்று எழுதினார்கள். பிறகு அவர்களே அந்தக் குழப்பம் வேண்டாம் என்று பலீன் என்ற சொல்லுக்கு மாறினார்கள். அவர்கள் கைவிட்ட தவறை நாம் ஏன் இன்னும் தூக்கிச் சுமக்கிறோம் என்பதுதான் என் கேள்வி. அந்தப் பலீனும் நமக்கு உதவாது. திமிங்கிலத்தைக் குறிக்கும் லத்தீன் பலேனாவிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல் அது. பலீன் திமிங்கிலம் என்று எழுதினால் திமிங்கிலத் திமிங்கிலம் என்று எழுதியதாகிறது.

எலும்பை விட்ட சிலர் இப்போது 'சல்லடைப் பல்' என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல தமிழ்தானே, என்ன குறை என்று ஒரு நண்பர் கேட்டார். எலும்பு என்பது ஆங்கிலத்தை நம்பி ஏமாந்ததால் வந்த பிழை, அதையாவது மன்னிக்கலாம். சல்லடைப் பல் நாமே யோசித்து உண்டாக்கிய பிழை. வாயில் இருப்பதெல்லாம் பல் ஆகிவிடாது. இந்தத் திமிங்கிலங்களின் கருவில் பல் முளை தோன்றி, பிறக்கும் முன்பே கரைந்து போகிறது, தகடு வளர்வது வேறு திசுவிலிருந்து. பல்லுள்ள திமிங்கிலங்கள் தனிப் பெரும் பிரிவு. எண்ணெய்க்காக உலகமெங்கும் துரத்திக் கொல்லப்பட்ட ஸ்பெர்ம் திமிங்கிலம் அதில் ஒன்று, வடதுருவப் பழங்குடிகளான இனுயிட் மக்கள் இன்றும் வேட்டையாடும் நார்வாலும் பெலுகாவும் அதில்தான் வருகின்றன. நார்வாலின் முகத்திலிருந்து ஈட்டி போல நீளும் அந்த முறுக்குக் கொம்பு இருக்கிறதே, அது கொம்பு அல்ல, உண்மையிலேயே பல். இவர்கள் பல்லைக் கொம்பு என்கிறார்கள், தகட்டைப் பல் என்கிறார்கள். ஒரே கட்டுரையில் நார்வாலும் வில்தலையும் வந்தால் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

இனுயிட் மொழியான இனுக்டிடுட்டில் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. எலும்புக்கு சௌனிக், பல்லுக்கு கிகுட், தந்தத்துக்கு தூகாக், இந்தத் தகட்டுக்கு சுக்கக். நான்கு பொருள், நான்கு சொல். கையில் எடுத்துப் புழங்கியவர்கள் அவர்கள், அதனால் பிரித்துச் சொன்னார்கள். அவர்களுடைய முன்னோரான தூலே மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அலாஸ்காவிலிருந்து கிழக்கே பரவினார்கள். மரம் இல்லாத கரைகளில் திமிங்கிலத்தின் தாடை எலும்பையும் விலா எலும்பையும் வளைகளாக நிறுத்தி, மேலே தோலும் புல்மண்ணும் போட்டு வீடு கட்டினார்கள். அது அசல் எலும்பு. அதே மக்கள் தகட்டைக் கீற்றாகக் கிழித்துக் கட்டுக்கயிறும் கண்ணியும் செய்தார்கள், வளைத்து வாளி செய்தார்கள். ஒரு கீற்றின் இரு நுனியையும் கூராக்கிச் சுருட்டி, கொழுப்புக்குள் பொதித்து உறைய வைத்து ஓநாய்க்குப் போடுவார்கள். வயிற்றுச் சூட்டில் கொழுப்பு உருகியதும் சுருள் விரிந்து குத்தும். எலும்பு அப்படிச் சுருளுமா?

இது வெறும் சொல் சண்டை இல்லை. எலும்பு என்று எழுதினால் வரலாறே புரியாமல் போகிறது. 1859இல் பென்சில்வேனியாவில் பெட்ரோலியக் கிணறு தோண்டிய பிறகு, விளக்கெரிக்க உதவிய திமிங்கில எண்ணெயின் மதிப்பு இறங்கத் தொடங்கியது. எண்ணெய்க்காகத்தான் வேட்டை என்றால் அத்தோடு கப்பல்கள் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் வடதுருவத்தில் இன்னும் அரை நூற்றாண்டு இருந்தார்கள். காரணம் இந்தத் தகடு. ஒரு பெரிய வில்தலையிலிருந்து அரை டன்னுக்கு மேல் கிடைக்கும், நூற்றாண்டு முடிவில் பவுண்டுக்கு 5 டாலர் வரை விலை போனது. கடைசிக் காலத்தில் அலாஸ்காவுக்கு வடக்கே வேட்டையாடிய நீராவிக் கப்பல்கள் தலையிலிருந்து தகட்டை மட்டும் வெட்டியெடுத்துக்கொண்டு, கொழுப்பும் இறைச்சியுமாக மீதி உடலைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போயின. ஓர் ஊர் குளிர்காலம் முழுக்கச் சாப்பிடக்கூடிய உணவு அது. இதைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

கப்பல்கள் உறைபனியில் குளிர்காலம் தங்கின. பாஃபின் தீவின் கெக்கெர்டென் போன்ற வேட்டை நிலையங்களைச் சுற்றி இனுயிட் குடும்பங்கள் குடியேறின. ஆண்கள் படகோட்டினார்கள், பெண்கள் மாலுமிகளுக்கு மயிர்த்தோல் உடைகள் தைத்தார்கள். கூலியாகத் துப்பாக்கி, தோட்டா, தேயிலை, புகையிலை, பிஸ்கட், சில சமயம் வேட்டைப் படகே கிடைத்தது. ஸ்காட்லாந்து மாலுமிகளிடமிருந்து வந்த அக்கார்டியன் இசையும் நடனமும் இன்றும் அங்கே உண்டு. கூடவே அம்மையும் காய்ச்சலும் வந்தன. ஹட்சன் விரிகுடாவின் சவுத்ஹாம்ப்டன் தீவில் சாட்லர்மியுட் என்றொரு சிறு கூட்டம் வாழ்ந்தது. 1902-03 குளிர்காலத்தில் திமிங்கிலக் கப்பலிலிருந்து தொற்றிய நோயில் ஒரு பெண்ணும் நான்கு குழந்தைகளும் தவிர எல்லோரும் இறந்துபோனார்கள். சில ஆண்டுகளில் கார்செட் மோகம் குறைந்தது, எஃகுச் சுருள் தகட்டின் இடத்தைப் பிடித்தது, விலை விழுந்தது, கப்பல்கள் வருவதை நிறுத்தின. கப்பல் சாமான்களுக்குப் பழகிவிட்ட மக்கள் நரித்தோலுக்குப் பொறி வைக்கப் போனார்கள். இவ்வளவுக்கும் நடுவில் இருந்த பொருளைத்தான் நாம் எலும்பு என்று சொல்லித் தாண்டிப் போகிறோம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? எனக்கு முதலில் தோன்றியது பன்னாடை. தென்னை மட்டையின் அடியில் இருக்கும் அந்த வலையைக் கொண்டு கள்ளும் நெய்யும் வடிகட்டியவர்கள் நாம். நன்னூல் கடை மாணாக்கனுக்கு உவமையாகச் சொல்லும் நெய்யரி அதுதான், நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது. திமிங்கிலத்தின் வாயிலும் அதே வேலைதான், பிடித்து வைப்பது மட்டும் உணவு. ஆனால் பன்னாடை இன்றைக்குத் திட்டும் சொல்லாகிவிட்டது, பாடநூலில் போட முடியாது. நல்ல சொல் ஒன்று வீணாகிப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

நெய்யரியில் இருக்கும் அரி மட்டும் நமக்குப் போதும். அரிசியை நீரில் அரித்துக் கல் நீக்குகிறோம். யாழ்ப்பாணத்தில் மா சலிக்கும் சல்லடைக்கு அரிதட்டு என்றே பெயர். அந்த வழியில் அரிதகடு. சுடுசோறு, ஊறுகாய் மாதிரி இயல்பான வினைத்தொகை. பொருள் தகடு, வேலை அரிப்பது, இரண்டும் பெயரிலேயே இருக்கின்றன. அந்தப் பிரிவு முழுதையும் அரிதகட்டுத் திமிங்கிலங்கள் எனலாம். அரித்தல் என்றால் சொறிச்சலும் கறையானும் நினைவுக்கு வராதா என்று அதே நண்பர் மறுபடி கேட்டார். அரிதட்டைப் பார்த்து யாருக்கும் கறையான் நினைவு வருவதில்லையே. திமிங்கிலமே வடசொல், அதையும் மாற்று என்று யாராவது கேட்டால் நான் உடன்பட மாட்டேன். திமி என்னும் பெருமீனையே விழுங்குவது என்று பொருள்பட வந்த அந்தச் சொல் நம் வாயில் கரைந்து நமதாகிவிட்டது. எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு முக்கியம், எலும்பு என்பதில் இல்லாதது தெளிவுதான்.

விலை விழுந்த பிறகு, 1910களில், அலாஸ்காவின் பாரோவில் கிங்குக்டுக் என்ற இனுபியாட் (அலாஸ்கா இனுயிட்) கைவினைஞர் அரிதகட்டை மெல்லிய கீற்றாகச் சீவிக் கூடை பின்னத் தொடங்கினார். விறைத்த பொருள், அடியில் முதல் சுற்றை அதைக் கொண்டே வளைக்க முடியாது. அதனால் வால்ரஸ் தந்தத்தில் சிறு வட்டு செய்து, விளிம்பில் வரிசையாகத் துளையிட்டு, அதில் கீற்றைக் கோத்துப் பின்னலைத் தொடங்குவார்கள். மூடியின் உச்சியிலும் தந்தம், பெரும்பாலும் ஒரு கடல்நாயோ திமிங்கிலமோ செதுக்கியிருக்கும். அப்படி ஒரு கூடையின் படத்துக்குக் கீழே தமிழில் "திமிங்கில எலும்புக் கூடை" என்று போட்டிருந்ததை நேற்று பார்த்தேன். வட்டும் மூடிக் குமிழும் பல், சுற்றியிருப்பது அரிதகடு, அந்தக் கூடையில் எலும்பு ஒரு துண்டுகூடக் கிடையாது.