வேலூர் மலைகள் எப்படிக் கடற்கரை மணலாகின்றன

வேலூரிலிருந்து வங்கக் கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆயினும் கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூரை ஒட்டிப் பாலாறு கடலில் கலக்கும் இடத்தில் கரையோரம் கிடக்கும் மணலை அறிய விரும்புகிறவர், பழைய வட ஆர்க்காட்டின் மொட்டைப் பாறை மலைகளிலிருந்து தொடங்குவதே முறை. அந்த மணலில் ஒரு பங்கு இந்த மலைகளின் உடம்பிலிருந்து பிரிந்து போனது. மலை உதிர்ந்து மணலாவது, மணல் ஆற்றில் இறங்குவது, ஆறு அதைக் கடலிடம் ஒப்படைப்பது, கடல் அதைத் தரம் பிரித்துக் கரையெங்கும் பரப்புவது ஆகிய அனைத்தும் இன்றும் நடந்துகொண்டிருக்கும் ஒரே தொடர் நிகழ்வாகும்.

வேலூர், இராணிப்பேட்டை வட்டாரத்து மலைகளின் பாறை சுமார் 250 கோடி ஆண்டுகள் பழமையானது. மக்கள் பொதுவாகக் கருங்கல் என்று அழைக்கும் இதைப் புவியியலாளர்கள் நைஸ் என்றும் சார்னோகைட் என்றும் வகைப்படுத்துகின்றனர். இவற்றுள் சார்னோகைட்டில் காணப்படும் கனிமங்கள், புவியோட்டின் ஆழத்தில், ஏறத்தாழ இருபது முப்பது கிலோமீட்டர் கீழே நிலவும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருவாகக்கூடியவை. அத்தனை ஆழத்தில் பிறந்த பாறை இன்று வெயிலில் கிடக்கிறது என்றால், அதன் மேலே இருந்த அவ்வளவு பருமனான நிலமும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிக்கப்பட்டு நீங்கிவிட்டது என்று பொருள். நாம் மலை என்று அண்ணாந்து பார்ப்பது அந்த நெடிய அரிப்பில் எஞ்சிய மிச்சமே. ஏலகிரி மட்டும் இந்தக் கூட்டத்தில் சற்று வேறானது. அதன் சயனைட் பாறை சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உருகிய குழம்பாக மேலெழுந்து உள்ளேயே உறைந்தது.

மேலிருந்த சுமை நீங்கியவுடன், ஆழத்தில் இறுகிக் கிடந்த பாறை விரிவடைகிறது. அந்த விரிவைத் தாங்க முடியாமல், மலையின் மேற்பரப்புக்கு ஏறக்குறைய இணையாக வளைந்த விரிசல்கள் தோன்றி, பாறை ஏடு ஏடாகப் பிரியத் தொடங்குகிறது. இந்த இயல்பைக் கல் உடைப்பவர்கள் நெடுங்காலமாக அறிந்து பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். பாறைமீது விறகை அடுக்கித் தீமூட்டி, நெருப்பை மெல்ல நகர்த்தி, மேலடுக்கைப் பெரிய பலகைகளாகப் பெயர்த்தெடுக்கும் பழைய முறை இதை நம்பியே அமைந்தது. கோடையில் நாற்பது டிகிரி செல்சியஸைத் தாண்டும் வேலூர் வெயிலும், அதைத் தொடரும் இரவின் குளிர்ச்சியும், திடீர்க் கோடை மழையும் பாறையின் மேற்பரப்பைத் திரும்பத் திரும்ப விரித்துச் சுருக்கி, அதே வேலையை மிக மெதுவாகச் செய்கின்றன.

எனினும், மலையை மணலாக மாற்றுவதில் வெப்பத்தைவிடத் தண்ணீருக்கே பெரிய பங்கு உண்டு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிப் பாறையின் விரிசல்களுக்குள் இறங்குகிறது. கருங்கல்லில் மிகுதியாக உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தை அது சிறிது சிறிதாகக் களிமண்ணாக மாற்றுகிறது. இரும்பு மிகுந்த கருநிறக் கனிமங்களைத் துருப்பிடிக்கச் செய்கிறது. குவார்ட்ஸ் என்னும் கடினமான கனிமம் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. தன்னைச் சுற்றியிருந்தவை இளகிவிட்டதால் பிடிமானம் இழக்கும் இந்தக் குவார்ட்ஸ் துணுக்குகள்தாம் மணலின் தொடக்கம். கிணறு தோண்டுகிறவர்கள் மேல்மண்ணுக்குக் கீழே, கெட்டிப் பாறைக்கு மேலே காணும் முரம்பு என்பது, பாறையாகவும் இல்லாமல் மணலாகவும் ஆகாமல் இடைநிலையில் நிற்கும் இதே பொருள்தான்.

விரிசல்கள் நேர்கோடுகளாக ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால், பாறை பெரிய கட்டங்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு கட்டத்தின் மூலைகளையும் தண்ணீர் பல பக்கங்களிலிருந்தும் தாக்குகிறது. தட்டையான முகப்பையோ ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே தாக்குகிறது. ஆகவே மூலைகள் விரைந்து மழுங்கி, நிலத்தடியிலேயே கட்டம் உருண்டையாகிறது. பின்னர் சுற்றியுள்ள முரம்பை மழை கழுவிச் செல்லும்போது அந்த உருண்டைகள் வெளிப்பட்டு, யாரோ தூக்கி வைத்தவை போல ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்சியளிக்கின்றன. காட்பாடியிலிருந்து வள்ளிமலை வரையிலும், சோளிங்கரில் 1305 படிகள் ஏறி யோக நரசிம்மரைக் காணச் செல்லும் வழியிலும் தென்படும் குண்டுக்கற்களுக்கு இதுவே விளக்கம். அரக்கோணம் வட்டாரத்தில் உள்ள மகேந்திரவாடியில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் சமவெளியில் தனித்து நின்ற ஒரே பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் அமைத்தான். சுற்றுப்புறம் கரைந்து போன பின்னும் விரிசலின்றி நின்ற பாறை என்பதாலேயே அது குடைவரைக்கு ஏற்றதாக இருந்திருக்கும் என்று கொள்வது தவறாகாது.

ஓரிடம் மலையாகவும் பக்கத்து நிலம் சமவெளியாகவும் இருப்பதற்கான காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. விரிசல்கள் நெருக்கமாக உள்ள இடத்தில் தண்ணீர் எளிதாகப் புகுந்து பாறையைச் சிதைத்துப் பள்ளமாக்குகிறது; விரிசல்கள் அரிதான இடத்திலோ மழைநீர் மேலே வழிந்து ஓடிவிடுகிறது. மொட்டைக் கருங்கல் மேற்பரப்பு பத்து லட்சம் ஆண்டுகளில் சில மீட்டர் மட்டுமே தேய்கிறது என்னும்போது, அடிவாரத்து முரம்பு நிலம் அதைவிட விரைவாக இறங்குவதால், மலை தானாக வளராமலேயே நாளடைவில் மேலும் உயர்ந்து தெரிகிறது.

இனி ஆற்றுக்கு வருவோம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு ஆகிய ஊர்களை ஒட்டி வரும் இதனுடன், ஆந்திரத்திலிருந்து வரும் பொன்னையாறும், சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறும் தத்தம் மலைகளின் மணலோடு சேர்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பதைக் கண்டு இந்த ஆறு செயலற்றது என்று முடிவு செய்துவிடக் கூடாது. பருமணல் நகர்வதற்கு வேகமான நீர் வேண்டும். ஆகவே பல ஆண்டுகள் அசையாமல் கிடக்கும் மணல், சில நாள் வெள்ளத்தில் பெருந்தொலைவு பயணம் செய்துவிடுகிறது. வாணியம்பாடியைச் சூறையாடிய 1903ஆம் ஆண்டு வெள்ளமும், 2021 நவம்பரில் இருகரை தொட்டு ஓடிய வெள்ளமும் இத்தகைய நாட்களைக் கொண்டு வந்தவை. களிமண் இதற்கு மாறானது. மெதுவான நீரிலும் மிதந்து செல்லும் அது, பாலாற்று அணைக்கட்டிலிருந்து நீர் பெறும் காவேரிப்பாக்கம் ஏரி போன்ற நீர்நிலைகளில் வண்டலாகப் படிகிறது; மிச்சம் கடலின் ஆழத்துக்குப் போகிறது. இப்படி ஆறே மணலையும் களிமண்ணையும் பிரித்துவிடுவதால், முகத்துவாரத்தை அடைவதில் பெரும்பங்கு மணலாக இருக்கிறது. வழியில் தங்கும் மணலின் இடுக்குகளில் நீர் நிறைந்து நிற்பதால்தான், மேலே வறண்ட பாலாற்றில் ஊற்று தோண்டிக் குடிநீர் எடுக்க முடிந்தது.

ஆறும் கடலும் எப்போதும் இன்றைய இடத்தில் இருந்ததில்லை. பாலாறு முற்காலத்தில் வடகிழக்காக ஓடி, இன்று கொசஸ்தலையாறு கடலை அடையும் எண்ணூர்ப் பக்கம் கலந்திருக்க வேண்டும் என்று புவியியலாளர்கள் கருதுகின்றனர். அதற்கும் வெகுகாலம் முன்பு, இந்தியா அண்டார்க்டிகாவிலிருந்து பிரிந்து கிழக்குக் கரை உருவான காலத்தையொட்டிக் கடல் உள்நாட்டுக்குள் புகுந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள படிவுப் பாறைகளில் நிலத்தாவரங்களின் புதைபடிவங்களோடு கடலுயிர்களின் புதைபடிவங்களும் கிடைப்பது அதற்குச் சான்று.

முகத்துவாரத்தில் கடல் தன் வேலையைத் தொடங்குகிறது. வறண்ட மாதங்களில் அலைகள் மணலைத் தள்ளி ஆற்றின் வாயை மணல் திட்டால் அடைக்கின்றன. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. அலைகள் கரையைச் சாய்வாக வந்து மோதுவதால், ஒவ்வோர் அலையும் மணலைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்துகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்த நகர்வு வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் அமைகிறது. ஆண்டுக் கணக்கில் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. கூடவே, முறத்தில் புடைக்கும்போது பதர் விலகி மணி தங்குவதைப் போல, திரும்பும் அலை இலேசான குவார்ட்ஸை இழுத்துச் சென்று கனமான துகள்களை விட்டுச் செல்கிறது. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்னும் அளவு, 2.65; கார்னெட், இல்மனைட், மாக்னடைட், மோனசைட் ஆகிய கனிமங்களுக்கோ அது ஏறத்தாழ நான்கு முதல் ஐந்து வரை. மழைக்காலக் கொந்தளிப்புக்குப் பின் கல்பாக்கத்தை ஒட்டிய கரையில் கருமையாகவும் செம்மையாகவும் தென்படும் பட்டைகள் இக்கனிமங்களே. இவை கடலில் பிறந்தவை அல்ல. சார்னோகைட்டும் நைஸும் சிதைந்து விடுத்தவை. பள்ளி மாணவர் ஒருவர் ஒரு காந்தத்தைப் பாலாற்று மணலிலும் பிறகு கடற்கரைக் கருமணலிலும் துழாவிப் பார்த்தால், இரண்டிலும் மாக்னடைட் துகள்கள் ஒட்டிக்கொண்டு வருவதைக் காணலாம்.

முகத்துவாரத்துக்கு வடக்கே மாமல்லபுரத்தில் கடும்பாறைக் குன்று ஏறக்குறைய அலையோரத்திலேயே தலைதூக்குகிறது. அங்குச் சரிவில் நிற்கும் பெரிய உருண்டைப் பாறை, வள்ளிமலையின் குண்டுக்கற்களைப் போலவே, மூலை மழுங்கி உருவானது. சரிவில் அது உருளாமல் நிற்பதற்குக் காரணம், அதன் அடிப்பகுதி பார்வைக்குத் தோன்றுவதைவிட அகலமாகப் பாறையில் படிந்திருப்பதும், அங்கு எழும் உராய்வும்தான். கடலிலிருந்து தொலைவில் உள்ள மலையிலும் கடலோரக் குன்றிலும் ஒரே வகையான சிதைவே நடக்கிறது; இடையில் இருப்பது மணல் மூடிய சமவெளி மட்டுமே.

இந்தத் தொடரில் ஓரிடத்தில் மணல் நின்றால் அடுத்த இடம் அதை உணர்கிறது. அணைகளும் தடுப்பணைகளும் மணலைத் தேக்குகின்றன. ஆற்றிலிருந்து அள்ளப்படும் மணல் கடலை அடைவதே இல்லை. பத்து லட்சம் ஆண்டுகளில் சில மீட்டராக மலை தரும் வரவுக்கும், லாரிகள் ஏற்றிச் செல்லும் செலவுக்கும் ஈடே கிடையாது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பப்பட்டபோது, வடக்கு நோக்கிச் சென்ற மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் கரையைக் கடல் அரித்தது. அந்த அரிப்பைத் தடுக்க இன்று தூண்டில் வளைவுகள் என்னும் கல் சுவர்களைக் கடலுக்குள் நீட்டிக் கட்டுகிறார்கள். மலைகளில் வெட்டியெடுத்த கருங்கற்களே அவற்றில் அடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு வளைவும் தன் தெற்குப் பக்கத்தில் மணலைப் பிடித்து வைக்கிறது. கடைசி வளைவுக்கு வடக்கே உள்ள கரையோ தனக்கு வர வேண்டிய மணலை இழக்கிறது.