நாற்காலியை வேலை நடக்கும் பக்கம் திருப்புங்கள்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரை எங்கே உட்கார வைக்கிறீர்கள்? குளச்சல், முட்டம் கடற்கரை வீடுகளுக்கும் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்ட வீடுகளுக்கும் பிசியோதெரபி கொடுக்கப் போகும்போது நான் முதலில் கவனிப்பது இதைத்தான். பெரும்பாலும் உள்ளறைக் கட்டில், எதிரே டிவி. “வேலைய பாத்துப் பாத்து மனசு நோவும்” என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் அவர் மூளைக்குக் கிடைக்கக்கூடிய ஒரு பயிற்சி அங்கே நின்றுபோகிறது.

ஒருவர் வேலை செய்வதை நாம் பார்க்கும்போது, நம் கை சும்மா இருந்தாலும் அந்த வேலைக்கான மூளைப் பகுதிகள் சும்மா இருப்பதில்லை. இத்தாலியின் பார்மா நகரில் ஜாக்கோமோ ரிசொலாட்டியின் குழு குரங்குகளிடம் இதைக் கண்டு 1992-ல் வெளியிட்டது. குரங்கு தானே ஒரு பொருளை எடுக்கும்போது தூண்டப்படும் நரம்பணுக்களில் சில, மனிதர் எடுப்பதைப் பார்த்தபோதும் தூண்டப்பட்டன. ‘மிரர் நியூரான்’ என்று பின்னர் பெயர் பெற்றவை இவைதான். 1995-ல் அதே குழுவினர் மனிதர்களைச் சோதித்தார்கள். தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுத்து மூளையின் இயக்கப் பகுதியைத் தூண்டி, கைத்தசையில் எழும் மின்பதிவை அளந்தார்கள். ஒருவர் பொருளைப் பற்றுவதைப் பார்க்கையில், பற்றுவதற்கு உதவும் அதே தசைகளில் பதிவு கூடியது.

என் வேலைக்கு மிகவும் உதவியது 2005-ல் வெளிவந்த ஒரு லண்டன் ஆய்வு. பாலே கலைஞர்களுக்கும் பிரேசிலின் கபோய்ரா என்ற சண்டை-நடனக் கலைஞர்களுக்கும் இரண்டு ஆட்டங்களின் வீடியோவையும் காட்டி ஸ்கேன் எடுத்தார்கள். தாங்கள் பயின்ற ஆட்டத்தைப் பார்த்தபோதுதான் இயக்கப் பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. அதனால்தான், தோவாளையில் காலமெல்லாம் பூ கட்டிய பாட்டிக்கு டிவி சீரியலைவிட, நாரைச் சுற்றி முடிச்சுப் போடும் பேத்தியின் விரல்களைக் காட்டச் சொல்கிறேன். கடலுக்குப் போனவருக்கு வலை பின்னுவதைக் காட்டுங்கள். விரலை அசைக்கவே முடியாத ஒருவர், வலை ஊசியோடு உட்கார்ந்த மகனிடம் “கண்ணி பெருசாப் போவுது மக்கா, இறுக்கிப் பிடி” என்றார். அப்படிப்பட்ட கவனம்தான் வேண்டும்.

சும்மா வேடிக்கை பார்த்தால் போதாது. ‘அடுத்து நான் இதைச் செய்யப் போகிறேன்’ என்ற எண்ணத்தோடு பார்க்க வேண்டும். செய்பவர் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் செய்து காட்டட்டும். அப்போது நோயாளிக்குத் தன் கையையே பார்ப்பதுபோன்ற கோணம் கிடைக்கும். வெளியூரில் இருக்கும் மகன், வேலை செய்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பலாம். ஐந்தாறு நிமிடம் பார்த்த கையோடு, அதே அசைவை அவர் முயல வேண்டும். முழு வேலையும் வேண்டாம். ஊசியைப் பிடிப்பது, விடுவது, அவ்வளவே. கை எழாவிட்டால் நல்ல கையால் தாங்கிக்கொள்ளலாம். ரப்பர் பால்வெட்டுக் கத்தியை மட்டும் கையில் கொடுத்துவிடாதீர்கள், மழுங்கிய குச்சி போதும். சோர்ந்தால் நிறுத்திவிடுங்கள்.

பார்ப்பது பயிற்சிக்குத் துணை; பயிற்சிக்கு மாற்று அல்ல. பக்கவாதத்துக்குப் பிறகு இம்முறையைச் சோதித்த ஆய்வுகள் கை இயக்கத்தில் ஓரளவு முன்னேற்றத்தைத்தான் காட்டுகின்றன. வீடியோ பார்த்தாலே கை எழும் என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். இரக்கம் முதல் ஆட்டிசம் வரை எல்லாவற்றுக்கும் மிரர் நியூரானே காரணம் என்று பரவும் பதிவுகளும் மிகையானவை. எந்த அசைவில் தொடங்குவது என்பதை உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். நோயாளி முன்பு என்ன வேலை செய்தார், எந்தக் கையால் செய்தார் என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.