முதலில் பாஸ்டரம்மாவைத் தூங்க விடுங்கள்

சென்ற வாரம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பாஸ்டரம்மா, அதாவது சபைப் பாஸ்டரின் மனைவி, வந்திருந்தார். (ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, ஆராதனையில் பாட்டு எடுத்துக் கொடுக்க வாய் திறந்தால் அழுகை முட்டுகிறது. எங்காவது போய் இரண்டு நாள் இளைப்பாறினீர்களா என்று கேட்டேன்.

“போன மாதம் ஊழியர் மனைவிகளுக்கான புத்துணர்வு முகாமுக்குப் போய் வந்தேன், மேடம். அறுபது பேருக்கு உப்புமா நான்தான் கிளறினேன்.”

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. தர்மபுரியில் மனநல ஆலோசகராக உட்கார்ந்து இதே கதையை வேறு வேறு வாயில் கேட்டாகிவிட்டது. உப்புமாதான் புதிது.

இவர்கள் என்னிடம் வருவதற்குள் பல மாதங்கள் வீணாகியிருக்கும். காரணம் ஒரே ஒரு பேச்சு: “ஊழியக்காரர் மனைவிக்கு மனச்சோர்வா? ஜெபம் குறைந்திருக்கும்.” சபையில் சொல்கிறார்கள், மாமியார் சொல்கிறார், கடைசியில் அந்தப் பெண்ணே தனக்குச் சொல்லிக்கொள்கிறார். உடனே உபவாசத்தைக் கூட்டுகிறார், முழு இரவு ஜெபத்தில் கண்விழிக்கிறார். ஏற்கெனவே தூங்காத, சாப்பிடாத உடம்பு. பள்ளத்தில் விழுந்தவர் கையில் கடப்பாரையைக் கொடுத்து இன்னும் தோண்டு என்பது போலத்தான் இது.

வேதம் தெரிந்தவர்களுக்கு வேதத்திலிருந்தே சொல்கிறேன். எலியா தீர்க்கதரிசியை விட ஜெபித்தவர் யார்? கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு, யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து செத்துப்போனால் போதும் என்கிறார். ஒன்று இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். தூதன் வந்து விசுவாசக் குறைவு என்று திட்டினானா? தட்டி எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. ஓரேப் மலைக்கு நடந்ததும் கர்த்தர் பேசியதும் அதற்குப் பிறகுதான். நான் ஜெபத்துக்கு எதிரி அல்ல, வரிசையைத்தான் சொல்கிறேன்.

(ஒரு தொழில் விஷயம்: இவர்களை முதலில் ரத்தப் பரிசோதனைக்குத்தான் அனுப்புகிறேன். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். இந்த அம்மாவுக்கு எட்டு. தைராய்டு குறைந்தாலும் சோர்வு இப்படியே இருக்கும்.)

நம் பக்கத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, அரூர் மலைப்பக்கம் ஊழியத்துக்கு வந்த குடும்பங்களில் பல திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்தவை. அம்மா வீட்டுக்குப் போக ஒரு ராத்திரி முழுக்கப் பயணம். ஓசூர்ப் பக்கம் அக்கம்பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும். ஊர் ஆண்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட, பெண்களின் கடன் தொல்லை, குடிப் பிரச்சினை எல்லாம் பாஸ்டரம்மாவின் அடுப்படிக்கு வந்து சேர்கின்றன. அவருடைய பாரத்தை யாரிடம் சொல்வது? விசுவாசியிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்கத் தெரியும். கணவரிடம் சொல்லலாம் என்றால், பாதி நேரம் பாரமே அவர்தான்.

ஆகவே பாரத்தை இறக்கிவைக்க ஒரு ஐக்கியம், அதாவது ஒன்றுகூடல், வேண்டும்தான். ஆனால் மேடை, பேனர், சிறப்புச் செய்தியாளர், சாட்சி சொல்லும் நேரம் என்று நடத்துவதற்கு ஐக்கியம் என்று பெயர் வைக்காதீர்கள். அங்கேயும் அவர் பாஸ்டரம்மாவாகத்தான் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த நான்கைந்து பேர், மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, யாராவது ஒருவர் வீட்டில் கூடினால் போதும். டீயும் பன்னும் கடையிலிருந்து வரட்டும். போட்டோ வேண்டாம், வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். ஒருவர் அழுதால் உடனே வசனம் சொல்லி அடைக்காதீர்கள், அழுது முடிக்கட்டும். அங்கே பேசியது “ஜெபக் குறிப்பு” என்ற பெயரில்கூட வெளியே போகக் கூடாது. அந்தப் பெயரில் போகும் புறணிதான் மிக வேகமாகப் போகிறது.

முகாம் நடத்துகிறவர்களே, சமையலுக்கு ஆள் வையுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வையுங்கள். மதியம் இரண்டு மணி நேரம் நிகழ்ச்சியே வேண்டாம், பாய் போடுங்கள். மூப்பர்களே, பாஸ்டருக்குக் கொடுக்கும் காணிக்கையில் அவர் மனைவியின் உழைப்பும் இலவச இணைப்பாக வருவதில்லை. பாஸ்டர்களே, “அவள் ஊழியத்தில் பலமான பாத்திரம்” என்று பிரசங்கத்தில் சொல்வதைக் குறைத்துக்கொண்டு வீட்டில் பாத்திரம் கழுவுங்கள்.

அம்மாமார்களே, உங்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் தூக்கமின்மையும் விடவில்லை என்றால் வாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நீங்கள் சொல்வதை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே எங்களைக் கட்டுகிறது. மனநல மருத்துவர் மாத்திரை எழுதினால், அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நான்காம் நாளே விசுவாசத்தால் நிறுத்திவிடாதீர்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழையுங்கள். இலவசம், நடு ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள்.

பென்னாகரத்து அம்மாவை வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். எனக்குக் களியும் கீரைக் கடைசலும் செய்து எடுத்துவருவதாகச் சொன்னார். கொண்டுவந்தால் உள்ளே விடமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.